பார்சல் ஆபீஸ் முடிச்சு

திறந்து கிடக்கிற எதையும் என் நாத்தனாரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அலமாரிக் கதவு, சர்க்கரை டப்பா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கைப்பை ஜிப் என்று எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். காலமெல்லாம் பார்சல் ஆபீசில் இருந்தவள். ஊரார் அரைகுறையாகக் கட்டிக்கொண்டு வந்த பெட்டிகளைப் பிரித்து, திரும்பக் கட்டிக் கட்டியே பழகிய கை அது. அவள் போட்ட முடிச்சு கப்பல் கவிழ்ந்தாலும் அவிழாது என்று ஆபீசில் பேசிக்கொள்வார்களாம். இதை எங்களுக்குச் சொன்னதும் அவளேதான்.

எனக்கு வேறு வியாதி. எதுவாவது பாதி தெரிந்து மீதி தெரியாமல் நின்றுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. துணி ஆல்டர் செய்கிற கடை வைத்திருக்கிறேன். இடுப்பைப் பிடிக்கச் சொல்லி பேன்ட்டோடு வருகிறவரிடம் ஏன் இப்படி இளைத்துப் போனீர்கள் என்று கேட்காமலிருக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். பெரும்பாலும் கேட்டுவிடுவேன்.

மூன்றாவது ஆள் பல் டாக்டர். என் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக். மனைவி காலமான பிறகு ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல், பூட்டிக் கிடக்கும் கிளினிக்கின் படியில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நானும் நாத்தனாரும் அந்தப் பக்கம் போகும்போது, சும்மா நடந்துவிட்டு வரலாம், வருகிறீர்களா என்று கேட்டேன். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வந்துவிட்டார். நானாக இருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். கூச்ச சுபாவம். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை ஆரம்பித்தது. பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரைக்கும் போவோம். அங்கே ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் முட்புதர் மண்டிய மேடு, கடைக்கு முன்னால் பெரிய ரோடு. வாரநாளில் அந்த ரோட்டைக் கடக்க நெஞ்சுரம் வேண்டும். கல் குவாரி லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குவாரிக்கு லீவு, ரோடு கழுவி விட்டமாதிரி வெறிச்சென்று கிடக்கும். கடந்து அந்தப்பக்கம் இறங்கினால் மண்பாதை, பழத்தோட்டத்துச் சுவர், அப்புறம் ஓடை. ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டு, ஃபிளாஸ்க் டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். இதில் அவசரம் என்று எதுவும் கிடையாது. வழியில் ஒரு எறும்பு வரிசை தென்பட்டால் அது எங்கே முடிகிறதென்று பார்க்க நான் குனிந்துவிடுவேன், அவர்கள் இரண்டு பேரும் பொறுமையாக நிற்பார்கள்.

நான் சொல்லப்போவது குளிர் விடத் தொடங்கிய நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. காலையில் ஸ்வெட்டர் வேண்டும், ஓடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதைக் கழற்றி இடுப்பில் கட்டவேண்டும். தோட்டத்து மரங்களில் இலை இன்னும் வரவில்லை. கிளையெல்லாம் மொட்டு, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. வேலி முள்ளில் மட்டும் அவசரக்காரி மாதிரி வெள்ளைப் பூ முந்திக்கொண்டு வந்திருந்தது.

முதல் ஞாயிறு, தோட்டத்துச் சுவரின் கோடியில் இருந்த மரக் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. தோட்டம் மேடேறிப் போய், மேட்டுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. நாங்கள் அதற்குள் போகவேண்டியதும் இல்லை, பாதை அதைத் தாண்டி நேராகப் போகிறது. ஆனாலும் நாத்தனார் நின்றாள். என்ன ஜனங்களோ, ஆடு மாடு புகுந்தால் கன்றெல்லாம் போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே கேட்டை இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு நடந்தோம்.

திரும்பி வரும்போது டீக்கடைக்காரி ஒரு சேதி சொன்னாள். ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் இருக்கிறாளாம், ஆஸ்பத்திரி லாண்டரியில் ராத்திரி வேலை பார்க்கிறவள். அவளிடம் ஒரு கிழட்டுக் குதிரை, இரண்டு கண்ணும் போனது. அதற்குத் துணை ஒரு கழுதை. கழுதை நடந்தால் குதிரை நடக்கும், கழுதை நின்றால் நிற்கும், கழுதை வாய் வைத்த பிறகுதான் இது வாய் வைக்கும். சில நாளைக்கு முன்னால் ஒரு லாரி டயர் வெடித்த சத்தத்தில் கழுதை மிரண்டு ஓடியது, ஓடியதுதான். அன்றிலிருந்து குதிரை சரியாகச் சாப்பிடுவதில்லை. கழுதையை எங்காவது பார்த்தால் சொல்லுங்கள், சாம்பல் நிறம், ஒரு காதில் வெட்டு இருக்கும் என்றாள்.

எனக்கு அது போதாதா. கழுதைக்கு ரோடு தெரியுமா, கண் தெரியாத குதிரைக்கு இது கழுதை என்று தெரியுமா, அல்லது இன்னொரு குதிரை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறதா என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். டாக்டர் யோசித்து, வாசனையில் தெரியலாம் என்றார். கழுதையைத் தேடிக்கொண்டு அலைய வேண்டுமா என்று நாத்தனார் அலுத்துக்கொண்டாள். ஆபீசில் ஒரு கழுதையோடு மாரடித்தது போதாதா என்றாள். அது அவளுடைய பழைய மேனேஜர்.

அலுத்துக்கொண்டாளே தவிர, அடுத்த ஞாயிறு பை நிறையக் கேரட்டோடு வந்தது அவள்தான். டீக்கடைக்குப் பின்னால் இருந்த புதர்மேட்டில் கொஞ்சநேரம் தேடினோம். டாக்டருடைய பேன்ட்டில் முள் மாட்டிக் கிழிந்தது. கழுதைச் சாணம் தட்டுப்பட்டது, பழசா புதுசா என்று குச்சியால் கிளறிப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தது. அப்படியானால் கழுதை இங்கேதான் எங்கோ இருக்கிறது. ஓட்டத்தில் ரோட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வந்துவிட்டு, லாரிக்குப் பயந்து திரும்பிப் போக முடியாமல் நிற்கிறது என்று எனக்குப் புரிந்துபோனது. டீக்கடைக்காரியிடம் சொன்னோம். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைக்கிறாள், தினம் வந்து கூப்பிட்டுப் பார்க்கிறாள், மிரண்டது மிரண்டதுதான், மனுஷ வாடை பட்டாலே புதருக்குள் போய்விடுகிறது என்றாள். தானாக வந்தால்தான் உண்டாம்.

ரோட்டைக் கடந்து தோட்டத்துக்கு வந்தால், கேட் மறுபடியும் திறந்து கிடந்தது. இந்தத் தடவை அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பெரிய கல்லை அணைகொடுத்து வைத்திருந்தார்கள்.

யார் வேலை இது என்று மூன்று பேருக்கும் மண்டைக் குடைச்சல். விளையாட்டுப் பிள்ளைகள் என்றார் டாக்டர். பழம் திருடுகிறவன் இப்போதே வழி செய்து வைக்கிறான் என்றேன் நான். பூவே வராத மரத்தில் என்ன பழம் என்று நாத்தனார் மடக்கினாள். அவள் கல்லை உருட்டிக்கொண்டே போய் ஓடையில் தள்ளிவிட்டு வந்து கேட்டைச் சாத்தினாள்.

மூன்றாம் ஞாயிறு கயிறு. கேட்டை அகலத் திறந்து, பக்கத்து மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நாத்தனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட் திறந்திருந்ததைவிட அந்த முடிச்சைப் பார்த்துத்தான் அதிகக் கோபம் என்று நினைக்கிறேன். ஷூ லேஸ் கட்டுகிறமாதிரி ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஒரு இழுப்பில் அவிழ்த்தாள். கேட்டைச் சாத்தி, அதே கயிற்றால் கம்பத்தோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். பார்சல் ஆபீஸ் முடிச்சு.

"இனி எவன் திறக்கிறான்னு பாக்குறேன்" என்றாள்.

அன்று டீக்கடைக்காரி முகத்தில் சுரத்தே இல்லை. குதிரை படுத்துவிட்டது, எழுந்தாலும் கால் நடுங்குகிறது என்றாள். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வருகிறேன், அதுவரைக்கும் தீனி எடுக்காவிட்டால் ஊசி போட்டு அனுப்பிவைப்பதுதான் தர்மம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பும் பஸ்ஸில் நான்கூடக் கேள்வி கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் ஞாயிறு. மரங்களில் பச்சை பொடிப்பொடியாக எட்டிப் பார்த்தது, தேனீ வந்துவிட்டது. நடக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் எங்களுக்கு மறுநாள் திங்கட்கிழமை என்பதுதான் மனசில் இருந்தது. புதர்மேட்டில் தேடினோம், கூப்பிட்டோம், கேரட்டை அங்கங்கே போட்டோம். ஒன்றும் வரவில்லை.

தோட்டத்துக்கு வந்தோம். கேட் திறந்து, இப்போது கம்பியால் கட்டியிருந்தது. நாத்தனாரின் கயிறு எங்குமே இல்லை. தன் முடிச்சை ஒருத்தன் அவிழ்த்துவிட்டான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அப்புறம் ஆவேசம் வந்தமாதிரி கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தாள். கம்பி ஒடிந்து ஒடிந்து கீழே விழுந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றார் டாக்டர்.

அவர் குனிந்து கேட்டின் மேல்சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியின் வாயைப் பார்க்கிற அதே பார்வை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் மரத்தைத் தடவினார். அங்கே மரம் கடிபட்டு, சிராய் எழுந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. புதுக் கடி.

"மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது. இது மேலயும் பதிஞ்சிருக்கு, கீழயும் பதிஞ்சிருக்கு. குதிரை ஜாதிப் பல்லு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கேட் சாத்தியிருக்கும்போது, வெளிய நின்னு கடிச்சிருக்கு" என்றார்.

கீழே பார்த்தேன். பாதை ஓரத்துச் சேற்றில் சின்னச் சின்னக் குளம்புத் தடம். வந்த தடம், கேட் முன்னால் மிதித்து மிதித்துக் குழப்பிய தடம், திரும்பி ரோட்டைப் பார்த்துப் போன தடம். லாரி ஓடாத ஒரே நாள் ஞாயிறு. அந்த ஒருநாள்தான் கழுதை ரோட்டைக் கடந்து வீட்டுக்கு வந்திருக்கிறது. வாராவாரம் அந்த ஒருநாள்தான் நாங்கள் வந்து கேட்டைச் சாத்தியிருக்கிறோம். பையில் கேரட்டை வைத்துக்கொண்டு.

நாத்தனாரும் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

கேட் வழியாக உள்ளே போய் மேட்டில் ஏறினோம். அந்தப்பக்கம் சரிவில் ஒரு வீடு, பக்கத்தில் கொட்டகை. பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு வேறு வழி இருந்தது, அதனால்தான் இந்தத் தோட்டம் குதிரை வைத்திருக்கும் அந்தப் பெண்ணுடையது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கொட்டகை வாசலில் குதிரை நின்றிருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். முன்னால் போட்ட புல் போட்டபடி கிடந்தது. நாங்கள் நடக்கிற சத்தத்துக்கு ஒரு காதைத் திருப்பிவிட்டு, எதிர்பார்த்தது இல்லை என்று தெரிந்ததும் பழையபடி தொங்கப்போட்டுக்கொண்டது.

அந்தப் பெண் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். சோப்புத் தண்ணீரில் வெளுத்துப்போன கை, தூக்கமில்லாத கண். வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கழுதையைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டர் இழுத்தார். அதைக் கேட்டதும் அவள் மனசில் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. கழுதைக்குப் பழகிய வழி தோட்டத்துக் கேட் ஒன்றுதான், அதனால் திறந்து வைக்கிறாள். சனி ஞாயிறு ராத்திரி அவளுக்கு வேலை, பகலில் தூக்கம். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் கேட் சாத்தியிருக்கும், வெளியே சாணம் இருக்கும். கல் வைத்தாள், கல்லைக் காணோம். கயிறு கட்டினாள். இன்றைக்குத்தான் ராத்திரி வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறாள், மறுநாள் ஊசி போடும்போது பக்கத்தில் இருக்கவேண்டும் என்று.

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துக் காட்டினாள். இரண்டு பக்கமும் அறுபட்ட கயிறு, நடுவில் முடிச்சு அப்படியே இருந்தது.

"அவுக்கவே முடியலைங்க. அரிவாள் வச்சு அறுத்தேன். வாரத்துல ஒருநாள்தான் அந்தப் பிராணிக்கு வழி. அந்த ஒருநாளும் எவனோ பாவி வந்து அடைச்சுட்டுப் போறான்."

டாக்டர் தரையைப் பார்த்தார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். சொல்லாமல் திரும்பிப் போய்விட்டால் இவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. நாத்தனார் கையை நீட்டி அந்தக் கயிற்றை வாங்கினாள். தன் முடிச்சைக் கட்டைவிரலால் ஒருதடவை தடவினாள்.

"நான்தாம்மா. நான்தான் கட்டினேன். கல்லையும் நான்தான் ஓடையில தள்ளினேன்."

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னிக்கு மூடினீங்களா?"

இல்லை என்றோம். கம்பியை மட்டும் கழற்றிவிட்டோம் என்றோம். காற்றுக்கு அது தானாகச் சாத்திக்கொள்ளும், சட்டம் கோணல் என்று சொல்லிக்கொண்டே அவள் மேட்டைப் பார்த்து ஓடினாள். கேட் பாதி சாத்திக்கொண்டிருந்தது. கம்பியைத் தேடினால் பிரித்த வேகத்தில் துண்டுதுண்டாக ஒடிந்து கிடந்தது. கல்லைக் கொண்டுவரலாம் என்றால் அது ஓடைக்கு அடியில். நாத்தனார் யாரையும் கேட்கவில்லை. கேட்டை அகலத் திறந்தாள், ஈரமண் என்றுகூடப் பார்க்காமல் அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கல்லு மாதிரி இருப்பேன். நீங்க போங்க" என்றாள்.

மனுஷ வாடைக்கு மிரளுமே என்றேன். அசையாவிட்டால் மிரளாது என்றாள் அந்தப் பெண், நிச்சயமில்லாத குரலில். மூன்று பேரும் மேட்டுக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கிருந்து ஒரு பக்கம் கேட்டும் மறுபக்கம் குதிரையும் தெரிந்தன. மத்தியானம் போனது. ஃபிளாஸ்க் டீ தீர்ந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்க என்னிடம் ஒரு மூட்டைக் கேள்வி இருந்தது. குதிரையும் கழுதையும் முதலில் எப்படிச் சேர்ந்தன, எது முதலில் வந்தது, ராத்திரி எப்படிப் படுக்கும் என்றெல்லாம். ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். பேசிக்கொண்டிருந்ததில் அவள் முகம் கொஞ்சம் இளகியது. கீழே நாத்தனார் அசையவில்லை. வீட்டில் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்காராத ஆள் அவள்.

வெயில் சாய்ந்து மரநிழல் நீண்டபோது குதிரை தலையைத் தூக்கியது.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாதையில் எதையும் காணோம். ஆனால் குதிரையின் இரண்டு காதும் கேட் பக்கம் திரும்பி விறைத்து நின்றன. அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வலித்தது. அப்புறம்தான் சுவர் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. இரண்டடி வைத்து நின்றது, மறுபடி இரண்டடி வைத்தது. வெட்டுக் காது தெரிந்தது. கேட்டுக்கு வந்ததும் நின்று, போன தடவை தான் கடித்த இடத்தை முகர்ந்தது. அதற்கு நேர் கீழே நாத்தனாரின் தலை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கழுதை அவளுடைய தலைமுடியையும் முகர்ந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் அது அவளைத் தாண்டி உள்ளே வந்தது, முதலில் நடையாக, மேடு தாண்டியதும் ஓட்டமாக.

குதிரை எழுப்பிய சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கழுதை நேராகப் போய், நடுவில் எதுவுமே நடக்காததுபோல அதன் தோளோடு தோள் வைத்து நின்றுகொண்டு, கீழே கிடந்த புல்லில் வாயை வைத்தது. குதிரை தலையை இறக்கித் தடவிப் பார்த்தது. கழுதை மெல்லுகிற சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு அதுவும் ஒரு வாய் எடுத்தது.

அந்தப் பெண் அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. டாக்டர் மட்டும் குதிரை மெல்லுவதைக் கவனமாகப் பார்த்து, கடைவாய்ப் பல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அந்தப் பெண் அழுகையோடு சிரித்துவிட்டு, போனை எடுத்து மாட்டு டாக்டரை நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னாள்.

அதன் பிறகு உள்ளேயிருந்து புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு இறங்கினாள். நாத்தனார் அப்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள், கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல். நானும் டாக்டரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். புடவையெல்லாம் சேறு.

"இப்போ கட்டுங்க. அதே முடிச்சு" என்று புதுக் கயிற்றை நீட்டினாள் அந்தப் பெண்.

நாத்தனார் கேட்டைச் சாத்தினாள். கயிற்றைச் சுற்றினாள். முதல் தடவை விரல் நழுவி முடிச்சு விழவில்லை. அவளுக்கு முடிச்சு விழாமல் போய் நான் பார்த்ததே இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை போட்டாள். அந்தப் பெண் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

"இதை அவுக்கணும்னா நான் என்ன பண்றது?"

"ஞாயித்துக்கிழமை நாங்க வருவோம்ல" என்றாள் நாத்தனார்.